வாங்கி அடுக்கிய நூல்களைப் படித்து முடிக்க: பக்கக் கணக்கும் நேரக் கணக்கும்

எங்கள் வீட்டில் பரண்மேலும் பீரோவின் தலையிலும் கட்டிலுக்கு அடியிலுமாகப் பிரித்துக்கூடப் பார்க்காத நூல்கள் 187 இருந்தன. அட்டைகளில் இருந்த விலையை ஒருநாள் கூட்டிப் பார்த்தபோது 38,000 ரூபாயைத் தாண்டியது. மூன்று முறை திட்டம் போட்டுத் தோற்றேன். பொங்கலன்று தொடங்கிய ‘தினமும் ஐம்பது பக்கம்’ என்னும் உறுதி ஒன்பது நாள் நின்றது. ‘வாரம் ஒரு நூல்’ மார்ச் மாதத்தைப் பார்க்கவில்லை. தலைமாட்டில் பத்து நூல்களை அடுக்கிவைத்த மூன்றாவது முயற்சியில், அந்த அடுக்கின்மேல் மூக்குக்கண்ணாடியையும் தண்ணீர்ச் செம்பையும் வைக்கப் பழகிக்கொண்டேனே தவிர ஒன்றையும் முடிக்கவில்லை. நான்காவது முறை, படிக்கும் ஆசையை ஓரமாக வைத்துவிட்டு, வீட்டுக் கடனை அடைப்பவர் போலக் கணக்குப் பார்த்துத் தொடங்கினேன். 19 மாதங்களாக அது நடந்துவருகிறது. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். வேலைக்குப் போய்க்கொண்டு, வீட்டையும் பார்த்துக்கொண்டு, நாளொன்றுக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஒதுக்க முடியாதவர்களை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

1. எல்லா நூல்களையும் ஒரே இடத்தில் இறக்குங்கள்

பல இடங்களில் சிதறிக் கிடக்கும் வரை உங்களிடம் எத்தனை நூல்கள் உள்ளன என்பது உங்களுக்குத் தெரியாது. நான் ‘எண்பது இருக்கலாம்’ என்று எண்ணியிருந்தேன். கூடத்தில் பழைய போர்வை ஒன்றை விரித்து எல்லாவற்றையும் இறக்கி எண்ணிய பிறகே 187 என்று தெரிந்தது. ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையும் மறுநாள் மாலையும் இதற்குத் தேவைப்பட்டன.

காலத்தைப் பார்த்துத் தொடங்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நூல்களை இறக்கினால் ஈரக்காற்றுப் பட்டுத் தாள் ஒட்டிக்கொள்ளும். ஆடி மாதம் வசதியானது. முகூர்த்தம் இல்லாததால் ஞாயிற்றுக்கிழமைகளைத் திருமணங்கள் பிடித்துக்கொள்வதில்லை. மூக்கை ஒரு துணியால் கட்டிக்கொண்டு, காய்ந்த துணியால் துடைத்து, இராமபாணப் பூச்சி அரித்தவற்றையும் கறையான் தடம் உள்ளவற்றையும் தனியே வையுங்கள். அவற்றை நல்ல நூல்களோடு திரும்ப அடுக்கினால் அடுத்த ஆண்டு இழப்பு இரட்டிப்பாகும்.

முதல் ஏமாற்றம் இங்கேயே காத்திருக்கிறது. துடைக்கும்போது கையில் வந்த நூலைப் புரட்டத் தொடங்கினால் வேலை அங்கேயே நின்றுவிடும். அப்படி ஒரு சிறுகதைத் தொகுப்பில் எனக்கு இரண்டு மணி நேரம் போனது. அந்தத் தொகுப்பையும் முடிக்கவில்லை, அடுக்குவதையும் முடிக்கவில்லை.

2. பேரேடு ஒன்று எழுதுங்கள்

இந்த முயற்சிக்கு உள்ள ஒரே ஆவணம் இதுதான். கைப்பேசிச் செயலிகளில் எழுதிப் பார்த்தேன். பட்டியலைத் திறக்கப் போய் வேறெங்கோ சென்றுவிடுகிறோம். எனவே 65 ரூபாய்க்கு 192 பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கோடு போட்டுக்கொண்டேன். வரிசை எண், தலைப்பு, பக்கங்கள், வாங்கிய மாதம், வாங்கிய காரணம், வைத்திருக்கும் இடம், தொடங்கிய நாள், முடித்த நாள் என எட்டுப் பத்திகள் போதும். இரவல் கொடுக்கும் பழக்கம் உடையவர்கள் ஒன்பதாவதாக ஒரு பத்தியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நூலின் பெயரைவிட வாங்கிச் சென்றவரின் பெயரைத் தெளிவாக எழுதுங்கள்.

இவற்றுள் எனக்கு மிகவும் பயன்பட்டது ‘வாங்கிய காரணம்’ என்னும் பத்திதான். ‘அலுவலகத்தில் ஒருவர் சொன்னார்’, ‘கல்லூரியில் பாதியில் விட்டது’, ‘அட்டைப்படம்’ என்று உண்மையை எழுதுங்கள். நினைவுக்கு வராவிட்டால் ஒரு சிறு கோடு இடுங்கள். எனக்கு 58 நூல்களுக்குக் கோடு விழுந்தது. அடுத்த படியில் நூல்களைப் பிரிக்கும்போது அந்தக் கோடுகள் உதவுகின்றன.

பக்கங்களை எழுதும்போது கடைசிப் பக்கத்தில் அச்சாகியுள்ள எண்ணை அப்படியே எடுக்காதீர்கள். நம் நூல்களில் பதிப்புரை, அணிந்துரை, வாழ்த்துரை, முன்னுரை என முதல் இருபது பக்கங்களும், பதிப்பகத்தின் விலைப்பட்டியலாகக் கடைசி நான்கைந்து பக்கங்களும் போய்விடுவதுண்டு. உள்ளடக்கத்தின் பக்கங்களை மட்டும் எழுதுங்கள். அணிந்துரையை நூலை முடித்த பிறகு படிப்பதே என் வழக்கம். கதையின் முடிவை முதல் பத்தியிலேயே சொல்லிவிடும் அணிந்துரைகள் நம்மிடம் நிறையவே உண்டு.

எழுதும்போதே ஒவ்வொரு நூலையும் ஒருமுறை புரட்டிப் பக்க எண்கள் தொடர்கின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலான நாவல்கள் வரும் டெம்மி அளவு நூல்களைப் பதினாறு பக்கம் கொண்ட பாரங்களாக அச்சிட்டுக் கட்டுவதால், அப்படிக் கட்டும்போது தவறு நேர்ந்தால் பதினாறு பக்கமும் ஒன்றாகக் காணாமற்போகும், அல்லது ஒரே பாரம் இருமுறை வரும். என்னிடம் இருந்த ஒரு நாவலில் 161 முதல் 176 வரை இல்லை. வாங்கிய வாரத்தில் கொண்டுபோயிருந்தால் மாற்றித் தந்திருப்பார்கள். ஆறு ஆண்டு கழித்து, ரசீதும் இல்லாமல், யாரிடம் போய்க் கேட்பது? கடைகள் தரும் வழவழப்பான ரசீதுத் தாளில் எழுத்து சில மாதங்களிலேயே மங்கிவிடும் என்பதால், வாங்கிய அன்றே விலையையும் நாளையும் பேரேட்டில் ஏற்றிவிடுங்கள்.

3. மூன்று பங்காகப் பிரியுங்கள்

படிக்க வேண்டியவை, தேவைப்படும்போது மட்டும் பார்ப்பவை, வீட்டை விட்டுப் போக வேண்டியவை என்பன அந்த மூன்று. அகராதி, சமையல் குறிப்பு, மூலிகை நூல் போன்றவற்றை யாரும் முதலிலிருந்து கடைசி வரை படிப்பதில்லை. அவற்றைப் ‘படிக்காத நூல்’ என்று எண்ணி வருந்தத் தேவையில்லை. என் கணக்கில் இப்படி 23 கழிந்தன. ஒரே நூலை இருமுறை வாங்கியவை, மகனின் பழைய போட்டித் தேர்வு வழிகாட்டிகள், ‘காரணம்’ பத்தியில் கோடு விழுந்து இரண்டு பக்கம் படித்தும் ஆவல் எழாதவை என 41 நூல்கள் வெளியேறும் பங்குக்குச் சென்றன. மீதம் 123.

இந்த 41 நூல்களை அனுப்ப எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கிளை நூலகத்துக்கு மூட்டையாகத் தூக்கிச் செல்லாதீர்கள். முதலில் தலைப்புப் பட்டியலை எழுதி நூலகரிடம் காட்டுங்கள். அங்கே ஏற்கெனவே உள்ளவற்றை அவர் எடுத்துக்கொள்ள மாட்டார். எங்கள் நூலகர் 17 நூல்களை ஏற்றுக்கொண்டார். சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத்துறை ‘கூண்டுக்குள் வானம்’ என்ற பெயரில் அரங்கு அமைத்துச் சிறைவாசிகளுக்காக நூல்களைப் பெற்றபோது 12 நூல்களைக் கொடுத்தேன். பாடத்திட்டம் மாறிவிட்ட வழிகாட்டிகள் 12 மிஞ்சின. அவற்றை எவரும் வாங்க மாட்டார்கள், தானமாகத் தருவதும் முறையன்று. பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டதில் 72 ரூபாய் கிடைத்தது.

4. கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள்

நாற்பதைக் கடந்தவர்கள் இந்தப் படியைத் தவிர்க்கவே கூடாது. பத்துப் பக்கம் தாண்டுவதற்குள் தூக்கம் வருவதை நான் சோம்பல் என்றும், கைப்பேசி கெடுத்த கவனம் என்றும் நினைத்து ஓராண்டுக்கு மேல் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். ஊசியில் நூல் கோக்க மகனைக் கூப்பிட்ட ஒருநாள்தான், இது வெள்ளெழுத்தாக இருக்குமோ என்ற எண்ணம் வந்தது. சோதித்துப் பார்த்ததில் அதுவேதான். சோதனைக்கும் படிக்க மட்டுமான கண்ணாடிக்கும் சேர்த்து 1,100 ரூபாய் செலவானது. மறுவாரமே இரவில் பதினைந்து நிமிடம் தடையின்றிப் படிக்க முடிந்தது.

கண்ணாடியை வாங்கிய பிறகும் பழைய பதிப்புகளின் பொடி எழுத்து சோர்வு தருமானால், பகல் வெளிச்சத்துக்கு அவற்றை ஒதுக்குங்கள். இரவுக்குத் தலைமாட்டில் பொருத்தும் சிறு விளக்கு 350 ரூபாய்க்குக் கிடைத்தது. அருகில் உறங்குபவருக்குத் தொந்தரவு இல்லை என்பதால் வீட்டில் எழுந்த ஒரே எதிர்ப்பும் அடங்கியது. நோட்டு, கண்ணாடி, விளக்கு ஆகிய மூன்றுக்கும் மொத்தச் செலவு 1,515 ரூபாய். அலமாரி வாங்க வேண்டும் என்று தோன்றினால் ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள். புதிய அலமாரியில் மிஞ்சும் காலி இடம் உங்களைக் கடைக்கு அனுப்பிவிடும்.

5. உங்கள் வேகத்தை அளந்து நாள் கணக்குப் போடுங்கள்

கடிகாரத்தை வைத்துக்கொண்டு மூன்று வெவ்வேறு நாள்களில் இருபது நிமிடம் படித்து, எத்தனை பக்கம் சென்றன என்று குறியுங்கள். அவசரப்படாதீர்கள், உங்கள் இயல்பான வேகமே வேண்டும். நாவலில் எனக்கு 12 பக்கம் வந்தது. ஆய்வுக் கட்டுரையில் 7 தாண்டவில்லை. கவிதையை அளக்க முயலவே வேண்டாம். குறள் போன்ற நூல்களுக்கும் பக்கக் கணக்குப் பொருந்தாது. உரையோடு நாளுக்கு ஓர் அதிகாரம் என்று வைத்துக்கொண்டால் 133 நாளில் முடியும்.

இருபது நிமிடத்துக்கு 12 பக்கம் என்றால், 45 நிமிடத்துக்கு 27 பக்கம். ஆண்டுக்கு 365 நாளும் படிப்போம் என்று போடும் கணக்கு முதல் காய்ச்சலிலேயே உடையும். தை, வைகாசி, ஆவணி மாதத் திருமணங்கள், பிள்ளைகளின் தேர்வு, ஊர்த் திருவிழா, உடல்நலக் குறைவு ஆகியவற்றைக் கழித்து 300 நாள் என்று வையுங்கள். ஆண்டுக்கு 8,100 பக்கம் கிடைக்கும். 187 நூல்களுக்கும் சேர்த்து 43,200 பக்கம் இருந்தபோது இந்தக் கணக்கில் 5 ஆண்டு 4 மாதம் ஆகியிருக்கும். மூன்றாம் படியில் பிரித்த பிறகு மிஞ்சிய 123 நூல்களின் 28,350 பக்கத்துக்கு மூன்றரை ஆண்டு போதும். முடியும் நாள் ஒன்று கண்ணுக்குத் தெரிந்ததுமே எனக்கு அந்த அடுக்கின்மேல் இருந்த அச்சம் பாதியாகக் குறைந்தது.

6. நேரத்தை எதிலிருந்து எடுக்கிறீர்கள் என்பதை எழுதுங்கள்

‘நேரம் கிடைக்கும்போது படிப்பேன்’ என்பவருக்கு நேரம் கிடைப்பதே இல்லை. ஏற்கெனவே வேறொன்றுக்குப் போய்க்கொண்டிருக்கும் நேரத்தைப் பெயர் சொல்லித் திரும்ப வாங்க வேண்டும். ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அமைப்புகளில் ‘டிஜிட்டல் வெல்பீயிங்’ என்றும், ஐபோனில் ‘ஸ்கிரீன் டைம்’ என்றும் உள்ள பகுதியைத் திறந்தால், ஒவ்வொரு செயலியிலும் எவ்வளவு நேரம் செலவிட்டீர்கள் என்று தெரியும். ஒரு வாரத்துக்கு அந்த எண்களைப் பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவாருங்கள். எனக்கு நாளொன்றுக்கு 2 மணி 40 நிமிடம் வந்தது. அதில் 50 நிமிடம் இரவு உணவுக்குப் பிறகு பார்க்கும் குறுங்காணொலிகள்.

அந்த 50 நிமிடத்தையும் ஒரே அடியாக வெட்டப் போய்த்தான் இரண்டாவது திட்டத்தில் தோற்றேன். இம்முறை 15 நிமிடத்தை மட்டும் எடுத்தேன். ‘இரவு 9.45 முதல் 10 வரை’ என்று எழுதி, அந்நேரம் கைப்பேசியைச் சமையலறை மேடையில் வைத்துவிட்டு வந்தேன். கைக்கு எட்டாத தூரம் என்பது எந்த உறுதிமொழியைவிடவும் நன்றாக வேலை செய்கிறது. எஞ்சிய 30 நிமிடம் ரயிலில் கிடைத்தது. அலுவலகத்துக்குத் தாம்பரத்திலிருந்து பூங்கா நிலையம் வரை செல்கிறேன். வழக்கமாகப் பிடிக்கும் வண்டிக்கு 25 நிமிடம் முன்னதாக, தாம்பரத்திலேயே புறப்படும் மின்சார ரயிலுக்குப் போனால் மகளிர் பெட்டியில் உட்கார இடம் இருக்கிறது. மாம்பலம் வரும் வரை தடையில்லாமல் படிக்கலாம். அதற்குப் பிறகு ஏறி இறங்கும் கூட்டத்தில் வரி தவறும் என்பதால் அங்கேயே மூடிவிடுகிறேன்.

இதில் எச்சரிக்கை ஒன்று. தூக்கத்திலிருந்து நேரத்தை எடுக்காதீர்கள். விடியற்காலை நாலரைக்கு எழுந்து படித்துப் பார்த்தேன். பதினொரு நாள் நடந்தது. பன்னிரண்டாம் நாள் அலுவலகத்தில் கோப்பின் மேலேயே கண் அயர்ந்துவிட்டேன்.

இன்னொன்று, நீங்கள் எழுதிய நேரத்தை வீட்டாரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். சொல்லாதவரை நூலும் கையுமாக உட்கார்ந்திருப்பவர் வீட்டாருக்குச் சும்மா இருப்பவராகவே தெரிவார். ‘பத்து மணி வரை கூப்பிட வேண்டாம்’ என்று நான் சொன்ன பிறகு, என் கணவர் வாசற்கதவைத் தாழிடுவதையும் பால் பாத்திரம் எடுத்து வைப்பதையும் தாமாகவே பார்த்துக்கொண்டார். கேட்டிருந்தால் எப்போதோ செய்திருப்பாராம்.

7. நேரத்துக்கு ஏற்ற நூலைத் தேர்ந்தெடுங்கள்

ஒரே சமயத்தில் இரண்டு நூல்களுக்கு மேல் திறக்காதீர்கள். பயணத்துக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. பயணத்துக்கு, டெம்மியைவிடச் சிறிய கிரவுன் அளவில் வரும் மெல்லிய நூல்கள் ஏற்றவை. எண்ணூறு பக்கக் கெட்டி அட்டை நாவலை ஒரு வாரம் ரயிலில் சுமந்து மணிக்கட்டு வலி வாங்கிக்கொண்டதுதான் மிச்சம். கனத்த நூல்களை வீட்டுக்கும் விடுமுறைக்கும் வையுங்கள்.

இடையிடையே அறுபடும் நேரங்களும் உண்டு. கிரைண்டரில் உளுந்து ஓடும் அரைமணி நேரத்தில் நான்கு முறை எழுந்து தண்ணீர் தெளிக்க வேண்டும். அதில் நாவல் நகராது. கட்டுரை, கடிதம், கவிதை போன்றவை எங்கே விட்டாலும் தொடர முடிபவை. மருத்துவமனை வரிசைக்கும் நியாயவிலைக் கடை வரிசைக்கும் இவையே பொருந்தும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நிறுத்தம் பற்றிய அறிவிப்பு நாளிதழில் முதல்நாளே வந்துவிடும். அன்று விடுப்பில் இருந்தால், மின்விசிறி இல்லாத குறையைச் சன்னலோரக் காற்று ஈடுசெய்யுமானால், அதைவிட நீண்ட வாசிப்பு நேரம் மாதத்தில் வேறு கிடைக்காது. எழுபது பக்கம் வரை அப்படிப் படித்திருக்கிறேன்.

எப்போது ஒரு நூலைக் கைவிடலாம் என்பதற்கும் ஓர் அளவு வேண்டும். இரண்டு பாரம், அதாவது 32 பக்கம் படித்தும் அடுத்த பக்கத்தைத் திருப்ப மனமில்லை என்றால், தயங்காமல் பேரேட்டில் ‘விட்டது’ என்று எழுதி மூடுங்கள். முடிக்காத ஒரு நூலின் மேல் உள்ள கடமை உணர்ச்சியால் மற்ற நூறு நூல்களும் நின்றுபோவதை நானே கண்டிருக்கிறேன். ஒரு பெரிய மொழிபெயர்ப்பு நாவலோடு ஐந்து மாதம் மல்லுக்கு நின்றேன். அந்த ஐந்து மாதமும் வேறெதையும் தொடவில்லை.

அடுக்கும் முறையிலும் கவனம் தேவை. ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்த அடுக்கில் கீழிருந்து மூன்றாவதை எவரும் உருவி எடுக்க மாட்டார்கள். முதுகு தெரியும்படி நிறுத்திவையுங்கள். சுவரிலிருந்து இரண்டு விரற்கடை இடைவெளி விட்டால் மழைக்கால ஈரம் ஏறாது. வசம்புத் துண்டுகளைத் துணியில் முடிந்து இடையில் வையுங்கள்.

8. வீட்டில் முடியாவிட்டால் வெளியே செல்லுங்கள்

நூலகம் என்றால் அங்குள்ள நூல்களைத்தான் படிக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். சென்னை கோட்டூர்புரத்தில் உள்ள அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்த நூல்களைக் கொண்டுவந்து படிப்பதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. கோட்டூர்புரம் பறக்கும் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் மிகுதியாக வருவதால் காலையிலேயே இருக்கைகள் நிரம்பிவிடும். பிந்திச் சென்றால் காத்திருக்க நேரும். அடையாள அட்டை ஒன்றைக் கையில் வைத்திருங்கள். உங்கள் நூலின் முதல் பக்கத்தில் பெயரும் நாளும் எழுதிவைத்தால் வெளியே வரும்போது அது யாருடையது என்ற கேள்விக்கு இடமிருக்காது. மாதம் ஒரு சனிக்கிழமை மூன்று மணி நேரம் அங்கே உட்கார்ந்தால் நூறு பக்கத்துக்குக் குறையாமல் நகரும். ஒரே ஒரு நூலை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். மூன்றைக் கொண்டுபோனால் மூன்றின் முன்னுரையையும் படித்துவிட்டுத் திரும்புவீர்கள்.

9. வாங்குவதற்கு வரம்பு கட்டுங்கள்

மேலே சொன்ன எட்டுப் படிகளையும் சரியாகச் செய்தாலும் இது ஒன்று தவறினால் அடுக்கு குறையாது. முன்பெல்லாம் ஆண்டுக்குச் சுமார் 35 நூல்கள் வாங்குவேன். நூலுக்கு 230 பக்கம் என்று வைத்தால் 8,050 பக்கம். நான் ஆண்டுக்குப் படிக்கக்கூடியதோ 8,100 பக்கம். ஆண்டு முழுவதும் ரயிலிலும் இரவிலும் படித்து, அடுக்கிலிருந்து நான் குறைப்பது ஐம்பது பக்கம்! இந்தக் கழித்தலைப் பேரேட்டில் போட்டுப் பார்த்த அன்றே விதியை எழுதிக்கொண்டேன். நான்கு நூல் முடித்தால் ஒன்று வாங்கலாம். கைவிட்ட நூல் கணக்கில் சேராது, பரிசாக வரும் நூல் கணக்கில் சேரும்.

சனவரியை ஒட்டி நந்தனத்தில் நடைபெறும் சென்னைப் புத்தகக் காட்சிதான் இந்த விதிக்கு வரும் பெரிய சோதனை. வழக்கமான 10 விழுக்காடு தள்ளுபடியில் 300 ரூபாய் நூலுக்கு 30 ரூபாய் மிச்சமாகிறது என்று மனம் சொல்லும். படிக்காமலே கிடக்கப்போகும் நூலென்றால் 270 ரூபாய் செலவு என்பதே சரியான கணக்கு. போவதற்கு முன் பேரேட்டை எடுத்து, உங்களுக்கு எத்தனை நூல் வாங்கும் உரிமை சேர்ந்திருக்கிறது என்று எண்ணி, அதற்கான தலைப்புகளைச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். தொகையைப் பணமாக எடுத்துச் செல்லுங்கள். கைப்பேசியில் ஸ்கேன் செய்து கட்டுவதில் கை கூசுவதே இல்லை. இருமுறை வாங்கும் தவறு நேராமல் இருக்க, பேரேட்டின் பக்கங்களைப் படம் பிடித்து வைத்துக்கொண்டால் அரங்கில் நின்றபடியே சரிபார்க்கலாம். என்னிடம் ஒரே நூல் மூன்று பிரதிகள் சேர்ந்தது அப்படிப் பார்க்காமல் போனதால்தான்.

இந்த 19 மாதங்களில் 51 நூல்களை முடித்திருக்கிறேன். விதிப்படி 12 வாங்கலாம், 11 வாங்கினேன். பேரேட்டில் இன்று நிற்பவை 83. மிச்சமுள்ள ஓர் உரிமைக்கு எந்த நூல் என்பதை ஆறு வாரமாக முடிவு செய்ய முடியவில்லை. சீட்டில் மட்டும் ஏழு தலைப்புகள் இருக்கின்றன.